டூயல் பூட் லேப்டாப்பில் கிரப் காணாமல் போனால் என்ன செய்வது?

உங்கள் லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் சேர்ந்து இருக்கின்றன (இதுதான் டூயல் பூட்). விண்டோஸ் அப்டேட் ஒன்று முடிந்து லேப்டாப் திரும்ப ஆன் ஆகிறது, உபுண்டுவா விண்டோஸா என்று கேட்கிற அந்தக் கறுப்புத் திரையே (அதைக் காட்டுகிற சின்ன மென்பொருள்தான் கிரப்) வராமல் நேராக விண்டோஸுக்குள் போய்விடுகிறது. இல்லையென்றால் 'கிரப்' என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு அப்படியே நிற்கிறது. எதுவாக இருந்தாலும் ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் ஃபைல்கள் இருக்கிற பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) வேறு, பூட் ஆகிற வேலை நடக்கிற இடம் வேறு. டிஸ்க்கில் ஈஎஸ்பி என்று சின்னதாக ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும், விண்டோஸ் போட்டதாக இருந்தால் பெரும்பாலும் 100 எம்பி. அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர், உபுண்டு என்று ஒரு ஃபோல்டர். இவற்றில் எதை முதலில் எழுப்ப வேண்டும் என்ற வரிசை மதர்போர்டில் இருக்கிறது. பெரும்பாலும் கெடுவது அந்த வரிசை அல்லது அந்தச் சின்ன பார்ட்டிஷன்தான்.

கைவைக்கும் முன் ஒரு விஷயம். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் (புது லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்) பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) எதையாவது மாற்றியதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்தே நுழைந்து அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

சரி, இப்போது லேப்டாப்பை அணைத்து, ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டுங்கள். டெல், லெனோவா, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. வருகிற பட்டியலில் 'உபுண்டு' இருக்கிறதா? இருந்தால் தேர்ந்தெடுங்கள். அது பூட் ஆனால் எதுவும் கெடவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது. பயாஸுக்குள் போய் உபுண்டுவை 'விண்டோஸ் பூட் மேனேஜருக்கு' மேலே நகர்த்தினால் வேலை முடிந்தது. பயாஸில் அதற்கு வழி இல்லையென்றால் உபுண்டு டெர்மினலில் 'ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், கடைசியில் எம்ஜிஆர் வருவதால் மறக்காது. ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு இலக்க எண் காட்டும், மைனஸ் ஓ போட்டு உபுண்டுவின் எண்ணை முதலிலும் மற்றவற்றைக் கமா போட்டுப் பின்னாலும் கொடுத்தால் வரிசை மாறிவிடும். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, உபுண்டு டெர்மினலில் என்றால் முன்னால் அட்மின் உரிமை தருகிற 'சுடோ'. கிரப் திரையில் சுடோ வேண்டாம்.)

உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் 'எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்ட்', 'சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்' என்று மிரட்டுகிறதா? 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடை செய்ததில் பலருக்கும் வந்த பிரச்சினை இது. கிரப்பைத் திரும்பப் போட்டுப் பிரயோஜனமில்லை. பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான பூட்லோடரை மட்டும் ஓடவிடுகிற காவல்) அணைத்துவிட்டு உபுண்டுவுக்குள் போங்கள், 'மோக்யூடில்' கட்டளையில் இரண்டு மைனஸ் போட்டு செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட் என்று கொடுங்கள், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து உபுண்டுவில் லாகின் ஆகுங்கள், அப்புறம் உபுண்டுவை அப்டேட் செய்துவிட்டு செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்யுங்கள்.

'கிரப்' என்று நிற்கிற திரை வேறு கதை. கிரப் எழுந்துவிட்டது, ஆனால் தன் கான்ஃபிக் ஃபைல் எங்கே என்று தெரியாமல் விழிக்கிறது. விண்டோஸில் பார்ட்டிஷனை வெட்டி ஒட்டியவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். 'எல்எஸ்' என்று அடித்தால் எச்டி0,ஜிபிடி1 என்பது போல பார்ட்டிஷன்களை வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, அதோடு ஒட்டி சாய்கோடு, பூட், சாய்கோடு, கிரப் என்று எல்எஸ் கொடுத்துப் பாருங்கள். கிரப் டாட் சிஎஃப்ஜி எதில் தெரிகிறதோ அதுதான் உங்கள் உபுண்டு. 'கான்ஃபிக்ஃபைல்' என்று அடித்து அந்த முழு முகவரியையும் கொடுத்தால் பழைய மெனு வந்து நிற்கும். 'கிரப் ரெஸ்க்யூ' என்று இருந்தால் கான்ஃபிக்ஃபைல் வேலை செய்யாது, செட் கட்டளையால் ப்ரிஃபிக்ஸையும் ரூட்டையும் அந்த பார்ட்டிஷனுக்கு மாற்றி, 'இன்ஸ்மாட் நார்மல்', பிறகு 'நார்மல்'. உள்ளே போனதும் 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்' இரண்டையும் ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறையும் இதே கூத்துதான். எந்த பார்ட்டிஷனிலும் அந்த ஃபைல் இல்லையென்றால் உபுண்டு பார்ட்டிஷனே அழிந்திருக்கலாம். பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள்.

பூட் மெனுவில் உபுண்டு என்ற பெயரே இல்லையா? வேறொரு கணினியில் உபுண்டு பென்டிரைவ் ஒன்று தயார் செய்யுங்கள், அதை யூஈஎஃப்ஐ என்று போட்டிருக்கிற பதிவிலிருந்தே பூட் செய்து 'ட்ரை உபுண்டு'வுக்குள் போங்கள். பழைய முறையில் பூட் செய்தால் கிரப் தவறான இடத்தில் போய் உட்காரும். 'எல்எஸ்பிஎல்கே மைனஸ் எஃப்' கொடுத்தால் எது ஈஎக்ஸ்டி4 (உபுண்டு), எது ஃபேட்32 (ஈஎஸ்பி) என்று தெரியும். முதலாவதை எம்என்டி ஃபோல்டரில் மவுண்ட் செய்யுங்கள் (அந்த ஃபோல்டர் வழியாகத் திறந்து வைப்பது), இரண்டாவதை அதற்குள் இருக்கிற பூட்/ஈஎஃப்ஐ-யில். அப்புறம் டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் எம்என்டிக்குள் அதே பெயருள்ள ஃபோல்டர்களில் மவுண்ட் செய்யுங்கள், வெறும் பைண்டாக இல்லாமல் 'ஆர்பைண்ட்' என்று. பைண்ட் மட்டும் போட்டால் ஈஎஃப்ஐ வேரியபிள்கள் உள்ளே தெரியாது, கிரப்-இன்ஸ்டால் கடைசியில் புலம்பும். பிறகு 'சிஎச்ரூட்' வழியாக எம்என்டிக்குள் நுழைந்து அதே கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டு கட்டளைகள், ரீஸ்டார்ட். டெர்மினலே வேண்டாம் என்பவர்களுக்கு 'பூட்-ரிப்பேர்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, நன்றாகவே செய்கிறது, ஆனால் என்ன மாற்றியது என்று புரியாது. எனக்குக் கையால் செய்வதுதான் பிடிக்கும்.

எல்லாம் சரியாகி, இப்போது மெனுவில் விண்டோஸைக் காணோம் என்றால் பதற வேண்டாம். புது கிரப் மற்ற ஓஎஸ்களைத் தானாகத் தேடுவதில்லை. ஈடிசி/டீஃபால்ட்/கிரப் ஃபைலில் 'கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்' என்ற வரியை (இது மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில்) ஃபால்ஸ் என்று வைத்து, அப்டேட்-கிரப்பை இன்னொரு தரம் ஓட்டினால் விண்டோஸும் பட்டியலுக்கு வந்துவிடும்.