கால் சென்டரில் முதல் ஆறு மாதங்கள்: புதிதாகச் சேர்பவர்களுக்கான வழிகாட்டி

தரமணி, பெருங்குடி, அம்பத்தூர் பகுதிகளில் உள்ள கால் சென்டர்களில் வேலைக்குச் சேரும் இளைஞர்களிடம், சரளமாகப் பேசத் தெரிந்தால் போதும் என்றுதான் பலரும் சொல்லி அனுப்புகிறார்கள். பேச்சுத் திறன் உதவும் என்பது உண்மையே. ஆனாலும் சரளமாகப் பேசத் தெரிந்த பலர் மூன்றாம் மாதத்தில் விலகிவிடுகிறார்கள். அமைதியான சுபாவம் உள்ளவர்கள் அதே இருக்கையில் நன்றாகக் காலூன்றிவிடுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவர் பேசும் முதல் அரை நிமிடத்தைக் குறுக்கிடாமல் கேட்டு, அவருக்கு என்ன வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. வாடிக்கையாளர் சேவைக்காக உள்வரும் அழைப்புகளை எடுப்பவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

சேருவதற்கு முன்

நேர்முகத் தேர்வில் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது, ஆண்டு மொத்தத் தொகையைக் கேட்டு மகிழ்ந்துவிடாமல், மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று கேளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்காக அடிப்படை ஊதியத்தில் 12 விழுக்காடு உங்களிடமிருந்து பிடிக்கப்படும். நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் தொகையும் பெரும்பாலும் அந்த ஆண்டு மொத்தத்திலேயே சேர்த்துக் காட்டப்பட்டிருக்கும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தமும் உண்டு. அதில் உங்கள் பங்கு 0.75 விழுக்காடுதான் என்பதாலும், அதன் மூலம் மருத்துவ வசதி கிடைக்கும் என்பதாலும் அதை நட்டமாகக் கருத வேண்டாம். இலக்கை எட்டினால் கிடைக்கும் இன்சென்டிவ் தொகையை நம்பி வாடகையையோ கடன் தவணையையோ திட்டமிடாதீர்கள்.

நீங்கள் சேரப்போவது எந்த நாட்டு வாடிக்கையாளர்களுக்கான புராசஸ் (உங்கள் குழு கையாளும் சேவைப் பணி) என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடைக்காலத்தில் நமக்கு மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பரின் முதல் ஞாயிறன்றும் கடிகாரத்தை மாற்றுவதால், அந்த நாட்களையொட்டி உங்கள் ஷிப்டும், உங்களை ஏற்றிச் செல்லும் நிறுவன வாகனமான கேப் வரும் நேரமும் ஒரு மணி நேரம் நகரும். பிரிட்டன் புராசஸ் என்றால் அங்கே காலை 9 மணி என்பது இங்கே பிற்பகல் 1.30 அல்லது 2.30 என்பதால், நள்ளிரவுக்குள் வீடு திரும்பும் வாய்ப்பு உண்டு. தமிழில் பேசும் உள்நாட்டுப் புராசஸில் பெரும்பாலும் பகல் வேலை கிடைக்கும். ஊதியம் சற்றுக் குறைவாக இருக்கும்.

வேலைக்காக முன்பணம் கேட்பவர்களையும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்பவர்களையும் அணுகாதீர்கள். வெளிநாட்டில் கால் சென்டர் வேலை, விமானச் செலவும் எங்களுடையது என்று சொல்லி வரும் வாய்ப்புகளில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அப்படி நம்பிச் சென்று, மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடி வேலைகளில் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழக இளைஞர்கள் 2022-இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள்.

நொடிகளின் கணக்கு

பயிற்சி முடிந்து புரொடக்‌ஷன் ஃப்ளோரில், அதாவது வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் தளத்தில், உட்கார்ந்ததும், எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட திரையில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத்தான் போக வேண்டும் என்பது முதலில் அவமானமாகத் தோன்றலாம். இடைவேளையில் இரண்டு நிமிடம் தாமதித்தால் டீம் லீடர் ஏன் பதறுகிறார் என்பதன் காரணம் தெரிந்தால் அந்த உணர்வு ஓரளவு குறையும்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் 1917-இல் வெளியிட்ட சூத்திரங்களே இன்றும் ஆள் கணக்கிடுவதற்கு அடிப்படையாக இருக்கின்றன. மணிக்கு 100 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 6 நிமிடம் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 நிமிட வேலை என்பதால் 10 பேர் போதும் என்று தோன்றும். அழைப்புகள் வரிசையாக வராமல் கொத்துக் கொத்தாக வருவதால், 10 பேரை மட்டும் உட்கார வைத்தால் காத்திருப்போர் வரிசை முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போகும். அந்தச் சூத்திரத்தின்படி 14 பேர் இருந்தால் ஏறத்தாழ 86 விழுக்காட்டு அழைப்புகள் 20 நொடிக்குள் எடுக்கப்படும். ஒருவர் எழுந்து போனால் அது சுமார் 76 ஆகவும், இருவர் போனால் 60 ஆகவும் சரியும்; சராசரிக் காத்திருப்பு 16 நொடியிலிருந்து 80 நொடியைத் தாண்டிவிடும். அப்படிக் காத்திருந்து எரிச்சலடைந்த வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கப் போவது பக்கத்து இருக்கைத் தோழிதான். இந்தக் கணக்கு இயற்கை உபாதைக்கான உங்கள் உரிமையைப் பறிக்காது. அவசரம் என்றால் சொல்லிவிட்டுப் போங்கள். அதற்குக்கூட அனுமதி மறுக்கும் டீம் லீடரைப் பற்றி மனிதவளப் பிரிவில் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒரு அழைப்புக்குச் செலவாகும் சராசரி நேரமான ஏஎச்டியைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் புதியவர்கள் வேகமாகப் பேசத் தொடங்குகிறார்கள். அதனால் பயனில்லை. வேகமாகச் சொன்னது புரியாமல் வாடிக்கையாளர் மீண்டும் கேட்பார், அல்லது மறுநாள் மீண்டும் அழைப்பார். நேரம் உண்மையில் வீணாவது பிரச்சினையைத் தவறாகப் புரிந்துகொண்டு தவறான பக்கத்தைத் திறந்து தேடுவதிலும், அழைப்பு முடிந்த பிறகு குறிப்பு எழுதுவதிலும்தான். அவர் பேசும்போதே தட்டச்சு செய்யப் பழகிவிட்டால், அழைப்பு முடியும்போது குறிப்பும் முடிந்திருக்கும்.

அழைப்பை நடத்தும் முறை

வணக்கம் சொன்னதும், எதிர்முனையில் உள்ளவர் தம் குறையைச் சொல்லி முடிக்கும் வரை அவரை நிறுத்தாதீர்கள். பெரும்பாலானோர் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். கைபேசிச் சேவைக்கு அழைக்கும் ஒரு பெரியவர் “காசு புடிச்சிட்டீங்க” என்று தொடங்கினால், அது அவர் கேட்காமல் சேர்க்கப்பட்ட சேவைக் கட்டணமாக இருக்கலாம். காலாவதியான ரீசார்ஜாக இருக்கலாம். கடைக்காரர் வேறு எண்ணுக்குப் பணம் போட்டுவிட்டதாகவும் இருக்கலாம். முதல் சொல்லைக் கேட்டதுமே ஒரு முடிவுக்கு வந்துவிடுபவர்கள் இந்த மூன்றில் தவறான ஒன்றில் பத்து நிமிடம் சிக்கிக்கொள்கிறார்கள். கேட்டு முடித்தபின், “நேற்று கடையில் போட்ட பணம் இன்னும் ஏறவில்லை, அப்படித்தானே ஐயா?” என்று அவர் சொன்னதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்ததாக, பழைய குறிப்புகளைப் பாருங்கள். அவர் முன்பே இரண்டு முறை அழைத்திருந்தால், “ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்கள், எல்லாம் இங்கே பதிவாகியிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டாம்” என்று சொல்லுங்கள். கோபத்தைத் தணிப்பதில் மன்னிப்பு வாசகங்களைவிட இந்த ஒரு வாக்கியத்துக்கு வலிமை அதிகம் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உங்களுக்கும் அடுத்தவர் இப்படி உதவ வேண்டுமென்றால், “வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது” என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், என்ன விளக்கினீர்கள், எந்தத் தேதி வரை அவகாசம் கேட்டீர்கள் என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும்.

ஹோல்டில் போடும்போது காரணத்தையும் ஏறத்தாழ எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சொல்லி அனுமதி பெறுங்கள்; வேலை முடியாவிட்டாலும் சொன்ன நேரத்துக்குள் திரும்பி வந்து பேசுங்கள். மியூட் பொத்தானை நம்பி வாடிக்கையாளரைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். திரையும் ஒலியும் பதிவாகிக்கொண்டே இருக்கலாம். தீர்வு உங்கள் கையில் இல்லாதபோது, அழைப்பை முடிப்பதற்காக “24 மணி நேரத்தில் சரியாகிவிடும்” என்று வாக்குக் கொடுப்பது பெரும் தவறு. குறை தீராத நிலையில், எழுதிக் கொடுத்த வசனப்படி “வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா?” என்று கேட்பதும் அவரைக் கொதிக்க வைக்கும், ஆகவே இந்தக் குறையைப் பொறுத்தவரை அடுத்து என்ன நடக்கும் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள்.

ஓடிபி, ரகசிய எண், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கங்கள் ஆகியவற்றைச் சிலர் நீங்கள் கேட்காமலே சொல்லத் தொடங்குவார்கள். உடனே நிறுத்தி, எங்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்று விளக்குங்கள். ஒரு முதியவரின் சேமிப்பைக் காப்பாற்றக்கூடிய இந்த ஒரு நிமிடத்தை ஏஎச்டிக்காகச் சுருக்க வேண்டாம். சில கால் சென்டர்களின் பணித்தளங்களில் கைபேசி, பேனா, காகிதம் எதையும் அனுமதிக்காததற்கும் இந்தத் தகவல்களின் பாதுகாப்பே காரணம்.

கோபமும் வசையும் வேறு வேறானவை. சேவை கிடைக்காததால் குரலை உயர்த்துபவரின் கோபத்தில் நியாயம் இருக்கலாம் என்பதால், அதைக் கேட்டுக்கொள்வது உங்கள் வேலையின் பகுதி. ஆபாசமாகப் பேசுபவரைப் பொறுத்துக்கொள்வது எந்த வேலையின் பகுதியும் அல்ல. எத்தனை எச்சரிக்கைக்குப் பிறகு அழைப்பைத் துண்டிக்கலாம் என்ற விதியைப் பயிற்சியின்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பெண்களுக்குப் பாதுகாப்பளிப்பது நிறுவனத்தின் கடமை என்று 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிறது.

பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடும் தரத் தணிக்கையில் மதிப்பெண் குறைந்தால், அந்தப் பதிவைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம். தணிக்கையாளருடன் உட்கார்ந்து கேட்டால், சில சமயம் அவரே மதிப்பெண்ணைத் திருத்துவார். மற்ற நேரங்களில் உங்கள் குறுக்கீடு உங்கள் காதுக்கே கேட்கும்.

உடலும் இரவும்

தொண்டைக்கு ஐஸ் தண்ணீரைவிட வெதுவெதுப்பான தண்ணீர் இதமாக இருக்கும். அதைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருங்கள். இரவுப் பணியில் விடிவதற்குச் சில மணி நேரம் முன்பே காபியை நிறுத்துங்கள், வீட்டில் கனமான திரை போட்டுத் தூங்குங்கள், விடுமுறை நாளிலும் தூங்கும் நேரத்தில் சில மணிகளாவது பணிநாளோடு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் தூங்குபவரை எழுப்பக் கூடாது என்பதைக் குடும்பத்தினரிடம் முதல் வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது.

பெங்களூரில் 2005-இல் இரவுப் பணிக்குச் சென்ற ஒரு பெண் ஊழியர், நிறுவன வாகன ஓட்டுநராக நடித்தவரால் கொல்லப்பட்டார். இரவு கேபில் பெண்ணை முதலில் ஏற்றவோ கடைசியாக இறக்கவோ நேர்ந்தால் காவலர் உடன் வர வேண்டும் என்ற ஏற்பாட்டை அதனால்தான் எவரும் தளர்த்தக் கூடாது. வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் அனுப்பப்பட்ட விவரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஏறாதீர்கள். லாகின் தாமதமானால் ஆகட்டும்.

விலக முடிவெடுத்தால், திடீரென்று வராமல் நின்றுவிடாதீர்கள். நோட்டீஸ் காலத்தை முடித்து, பணியிலிருந்து விடுவித்ததற்கான கடிதத்தையும் (ரிலீவிங் லெட்டர்) கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் வாங்குங்கள். வைப்பு நிதியில் உங்களுக்கென்று தரப்படும் பொது எண்ணான யுஏஎன், நிறுவனம் மாறினாலும் மாறாது என்பதால், புதிய இடத்தில் அதே எண்ணைக் கொடுத்துப் பழைய தொகையை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.