இரண்டு ஸ்ட்ரைக்கர்களை நிறுத்தினால் மட்டும் ஜோடி ஆகிவிடாது

எங்கள் ஏரியா ஜூனியர் பையன்களுக்கு நான் ஃபுட்பால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில், டீமில் அதிக கோல் போடும் இரண்டு பேரையும் ஸ்ட்ரைக்கர்களாக, அதாவது கோல் போடும் வேலைக்கு, முன்னால் நிறுத்தினேன். வியாசர்பாடியில் ஒரு மேட்ச். இருவருமே ஸ்டாப்பருக்கு (நடு டிஃபென்டருக்கு) பின்னால் ஓடுவதில் கெட்டிக்காரர்கள். அன்று முழுக்க இருவரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் பந்தை வைத்திருந்த பையனுக்குக் கிட்டத்தில் பாஸ் கொடுக்க ஆளே இல்லை. தூக்கி அடித்தான், எதிர் டீம் எடுத்துக்கொண்டது. தோற்றோம். தவறு என்னுடையது.

கோல் கணக்கைப் பார்த்து ஜோடி சேர்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. அடுத்த வாரம் ஒருவனை உட்கார வைத்துவிட்டு, கோல் அதிகம் போடாத ஆனால் முதுகில் ஆள் ஒட்டியிருந்தாலும் பந்தைக் காலில் நிறுத்தத் தெரிந்த ஒரு பையனை இறக்கினேன். ஆட்டமே மாறிவிட்டது.

காரணம் எளிது. ஸ்ட்ரைக்கர்களில் ஒருவன் பந்து வாங்கக் கீழே இறங்கினால், அவனைப் பிடித்திருக்கும் ஸ்டாப்பர் உடனே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கூடவே வந்தால் பின்னால் இடம் காலியாகும். வராவிட்டால் இறங்கியவன் நிதானமாகத் திரும்பி கோலைப் பார்ப்பான். இரண்டாவது ஸ்ட்ரைக்கரின் வேலை அந்தக் காலி இடத்துக்குள் பாய்வது. அதுவும் பந்து தோழனின் காலுக்கு வந்து சேர்ந்த பிறகு அல்ல, வந்துகொண்டிருக்கும்போதே. ஒருவன் இறங்கினால் மற்றவன் ஏற வேண்டும். இருவரும் சேர்ந்து இறங்கினால் ஸ்டாப்பர்களுக்குப் பயமில்லை. சேர்ந்து ஏறினால் நம் மிட்ஃபீல்டருக்கு வழியில்லை.

1998 நவம்பரில் பார்சிலோனா மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 3-3 என டிரா செய்த மேட்சில் ஆண்டி கோல் (Andy Cole) என்ற ஸ்ட்ரைக்கர் போட்ட கோலைத் தேடிப் பாருங்கள். தன்னை நோக்கி வந்த பாஸை அவருடைய ஜோடி டுவைட் யார்க் தொடாமலே விட்டுவிடுகிறார். பந்து பின்னால் இருந்த ஆண்டிக்குப் போகிறது. அவர் யார்க்குக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி அடிக்கிறார். யார்க் பந்தைத் தொடாமல் விட்ட அந்த நொடியிலேயே பாதி கோல் விழுந்துவிட்டது என்பேன். அந்த சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து இருவரும் போட்டவை 53 கோல்கள்.

இன்னொரு தவறு, 'உயரமான ஒருத்தன், வேகமான குட்டை ஒருத்தன்' என்ற சூத்திரம். இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் டீமில் 6 அடி 4 அங்குலம் இருந்த நயல் குவின் தலையால் தட்டிவிட, கெவின் பிலிப்ஸ் 1999-2000 லீக்கில் 30 கோல் போட்டது உண்மைதான். ஆனால் பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்து அங்கே நின்றது பிலிப்ஸின் மூளை. உயர வித்தியாசத்தால் மட்டும் அது நடக்கவில்லை. 2020-21இல் இத்தாலி லீக்கை வென்ற இன்டர் மிலனில் இந்தச் சூத்திரம் பல நேரம் தலைகீழானது. பெரிய உடம்புக்காரரான லுகாகு காலி இடங்களிலும் ஓடினார். குட்டையான லாவ்தாரோ இறங்கி வந்து பந்தைப் பிரித்தும் கொடுத்தார். லீக்கில் லுகாகு 24, லாவ்தாரோ 17 கோல்கள் போட்டார்கள்.

சரி, இருவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? பையன்களுக்கு நான் சொல்வது பத்துப் பன்னிரண்டு மீட்டர். அதற்கு மேல் விலகினால் ஒன்-டூ, அதாவது கொடுத்து உடனே திரும்ப வாங்குவது, ஆட முடியாது. ரொம்ப நெருங்கினால் ஒரே ஸ்டாப்பர் இருவரையும் பார்த்துக்கொள்வான். ஒரே கோட்டிலும் நிற்கக் கூடாது. ஒருவன் சற்று முன்னால், மற்றவன் சற்றுப் பின்னால் சாய்வாக நின்றால்தான் பாஸ் ஓடும்.

பந்து பறிபோன பிறகு இருவரும் இடுப்பில் கை வைத்து நிற்பதும் வேண்டாம். முன்னால் இரண்டு பேர் என்றால் நடுவில் ஓர் ஆள் குறைகிறது. ஒருவராவது இறங்கி எதிரணியின் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை, அதாவது டிஃபென்டர்களுக்கு முன்னால் நடுவில் ஆடுபவனை, மறிக்க வேண்டும்.

அப்புறம், கோல் போடாதவனைத் திட்டுவது. இது என்னை உண்மையிலேயே வருத்தப்படுத்தும் தவறு. 2015இல் சென்னையின் எஃப்சி இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்றபோது அந்த டீமின் ஸ்டீவன் மென்டோசா 13 கோல்களோடு, அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி வாங்கினார். அதே டீமின் இன்னொரு ஸ்ட்ரைக்கர் ஜேஜே போட்டது 6. நம் ஊர்க்காரர்கள் பலருக்கு மென்டோசாதான் நினைவில் இருக்கிறார். டிஃபென்டர்களை இழுத்துக்கொண்டு ஜேஜே ஓடிய ஓட்டத்துக்கு ஸ்கோர்கார்டில் இடமில்லை. பயிற்சியின்போது நான் இப்போது தனியாக ஒரு நோட்டில் அதையும் எழுதுகிறேன்: யாருடைய ஓட்டத்தால் இடம் கிடைத்தது என்று.

இரண்டு மேட்ச் சரிவரவில்லை என்றதும் ஜோடியைப் பிரித்துவிடுகிறோம், அல்லது பையன்களுக்குள் பேச்சு இல்லை என்று பிரிக்கிறோம். மான்செஸ்டர் யுனைடெட்டில் அதே ஆண்டி கோலும் (Cole) இன்னொரு ஸ்ட்ரைக்கரான டெடி ஷெரிங்கமும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளவே இல்லை. ஆண்டியே பின்னாளில் அதை எழுதினார். அப்படியும் ஒரே டீமில் ஆடிக் கோப்பைகள் வென்றார்கள். என் பையன்களில் இருவர் சண்டை போட்டு ஒரு மாதம் ஆகிறது. வரும் ஞாயிறும் அவர்களைத்தான் முன்னால் சேர்த்து இறக்கப்போகிறேன்.