மஞ்சள் டைல்ஸ் மீது நிற்காதீர்கள்

சென்னை மெட்ரோ நிலையங்களில் தரையோடு போகும் மஞ்சள் டைல்ஸை அழகுக்குப் பதித்தது என்றே பலர் நினைக்கிறார்கள். பார்வையற்றவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. நீளக் கோடுகள் இருந்தால் ‘இப்படியே நேராகப் போகலாம்’ என்று பொருள். வட்டப் புள்ளிகள் வந்தால் ‘கவனம், நில்லுங்கள்’: முன்னால் படிக்கட்டோ, திருப்பமோ, நடைமேடை விளிம்போ இருக்கும். காலாலும் வெள்ளைக் கோலாலும் அதைத் தடவிப் படித்துக்கொண்டு வருகிறவருக்கு நடுவில் நம் டிராலி பெட்டி நின்றால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். போன் பேச வேண்டுமா, இரண்டடி தள்ளி நின்று பேசுங்கள்.

அப்புறம், நீலப் பின்னணியில் வெள்ளைச் சக்கர நாற்காலிப் படம். 1968-இல் உருவான இந்த உலகச் சின்னம் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு மட்டுமல்ல, எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் பொதுவானது. செயற்கைக் கால் பேன்ட்டுக்குள் இருந்தால் நமக்குத் தெரியாது. எனவே அந்தப் படம் போட்ட இருக்கையில் அமர்ந்தவரிடம் “உங்களுக்கு என்ன குறை?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

காது படத்தின் மேல் சாய்வுக் கோடு இருந்தால், செவித்திறன் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி உண்டு.

மாநகரப் பேருந்துகளில் இந்தச் சின்னங்களோடு தாழ்தளப் பேருந்து வந்தால், சக்கர நாற்காலி ஏறி முடிக்கும்வரை வாசலில் முண்டியடிக்காமல் வழிவிடுங்கள்.