'டூ' வேறு, 'வெரி' வேறு

சேலத்து மாம்பழத்தைப் பாராட்ட நினைத்து ஆங்கிலத்தில் 'டூ ஸ்வீட்' என்று எழுதினால், படிப்பவர் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்வார். 'வெரி' மிகுதியை மட்டும் சொல்லும். 'டூ' அந்த மிகுதி வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது என்று சொல்லும். நண்பர்களுக்குள் 'டூ குட்' என்று புகழ்வது நம்மிடம் பழகிவிட்டது. வேலை விண்ணப்பத்தில் மட்டும் அதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது, 'டூ'வுக்குப் பிறகு 'டு' சேர்ந்த வினை வரும் வாக்கியத்தில்தான். அங்கே 'நாட்' இல்லாமலேயே எதிர்மறைப் பொருள் வந்துவிடும். 'இட் இஸ் டூ ஹாட் டு வாக்' என்றால், நடக்க முடியாத அளவுக்கு வெயில். சித்திரை மாத நண்பகலில் சேலம் ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம்! அதே நாளில் ஏற்காட்டில் 'கூல் எனஃப் டு வாக்' எனலாம்: நடக்கப் போதுமான குளிர்ச்சி. 'டூ' பண்புச்சொல்லுக்கு முன்னால் நிற்கும், 'எனஃப்' பின்னால்.

எண்ணக்கூடியவற்றுக்கு 'டூ மெனி'. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றுபவர் 'டூ மெனி பெண்ட்ஸ்' என்று தாராளமாகச் சொல்லலாம். தூசி, இரைச்சல் போன்றவற்றுக்கு 'டூ மச்'.