ஒரே நகர்வுக்கு மூன்று தீர்ப்பு: பாக்கேமன் அலசல் எண்களைப் படிப்பது எப்படி?

பாக்கேமன் என்பது இருவர் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம். அதை அலசும் க்னூ பாக்கேமன் இலவச மென்பொருள். ஆடி முடித்த மாட்ச் (குறித்த பாயின்ட்டை முதலில் எட்டுபவர் வெல்லும் ஆட்டத் தொடர்) ஒன்றைக் கொடுத்தால், ஒவ்வொரு நகர்வுக்கும் வரிசையாக எண்களைக் கொட்டும். கொக்குவிலில் என்னோடு ஆட வரும் இளைஞர்கள் அந்த வரிசையில் நகர்வின் மொத்த மதிப்பைச் சொல்லும் ஈக்விட்டியை மட்டும் பார்த்துவிட்டு, "அண்ணை, இதுதான் சரி" என்று முடித்துவிடுகிறார்கள். அதே நிலை வேறொரு ஸ்கோரில் வரும்போது மென்பொருள் கட்சி மாறிவிடும். கோபம் மென்பொருள் மேல் பாயும்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன். ஓர் எண்ணைப் பார்த்ததும் அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

வெற்றி 52 சதவீதம், கேமன் (எதிராளி ஒரு காயைக்கூட வெளியேற்றாத இரட்டை வெற்றி) 24 சதவீதம் என்று காட்டினால் இரண்டையும் கூட்டாதீர்கள். 52க்குள்ளேயே 24 அடக்கம். ஒற்றை வெற்றி 28தான். தோல்விப் பக்கமும் அப்படியே.

கணக்குக்காக இரண்டு நகர்வுகளை எடுப்போம். முதலாவது பத்திரமானது: வெற்றி 55, அதில் கேமன் 12, தோற்றால் எதிராளிக்குக் கேமன் 10. இரண்டாவது துணிச்சலானது: வெற்றி 52, கேமன் 24, எதிராளிக்கு 14. மும்மடங்கு வெற்றி தோல்வியையும் கியூபையும் (பந்தயத்தை இரட்டிப்பாக்கும் கட்டை) தள்ளிவைக்கிறேன்.

மாட்ச் இல்லாமல் பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று பணத்துக்கு ஆடினால், வெற்றியில் தோல்வியைக் கழித்து இருபக்கக் கேமன் வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும்: முதலாவதின் ஈக்விட்டி 0.12, இரண்டாவதின் ஈக்விட்டி 0.14. துணிச்சல் மயிரிழையில் முந்துகிறது.

மாட்சை வெல்ல இருவருக்கும் ஒரு பாயின்ட்தான் பாக்கி என்றால் கேமனுக்குச் சல்லிக்காசு மதிப்பில்லை. 55ஐயும் 52ஐயும் மட்டும் பாருங்கள். பத்திரமானதே சரி.

இனி க்ராஃபோர்டு ஆட்டம், அதாவது ஒருவருக்கு ஒரு பாயின்ட் மட்டும் பாக்கி என்றானதும் வரும் முதல் ஆட்டம். கியூபைத் தொட முடியாது. எதிராளிக்கு 1 பாக்கி, உங்களுக்கு 2 பாக்கி. கேமன் அடித்தால் மாட்ச் உங்களுடையது. ஒற்றை வெற்றி கிடைத்தால் 1-1 பாக்கி, அதாவது பாதி வாய்ப்பு. பத்திரமான நகர்வில் 12 உடன் 43இன் பாதியைக் கூட்டினால் 33.5. துணிச்சலானதில் 24 உடன் 28இன் பாதி, 38. பணத்தில் மயிரிழையாக இருந்தது இங்கே நாலரைச் சதவீதம்! பலகையைத் திருப்பி நீங்கள் முன்னணியில் இருப்பதாக வையுங்கள்: பத்திரமானது 72.5, துணிச்சலானது 69. உங்கள் கேமன் வீண். எதிராளியின் கேமன்தான் உங்களைக் கொல்லும்.

ஆகவே எண்களைப் பார்க்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: கேமன் எனக்கு என்ன தரும், அவருக்கு என்ன தரும்? பெரும்பாலான குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிழையின் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. மென்பொருள் பிழையைப் பண ஆட்டத்துக்குச் சமமான அலகில் காட்டலாம், மாட்ச் வெல்லும் வாய்ப்பாகவும் காட்டலாம். 1-1 பாக்கியில் 0.06 பிழை என்றால் மாட்சில் முழுதாக 3 சதவீதம் போய்விட்டது. 7 பாயின்ட் மாட்சின் முதல் ஆட்டத்தில், கியூப் திரும்பாத நிலையில், அதே 0.06 அரைச் சதவீதம்கூட வராது. உங்கள் ஆட்டத்தின் தரத்தை அளக்க முதல் அலகு நல்லது. எந்த இடத்தில் மாட்ச் கைநழுவியது என்று தேடுகிறவர் இரண்டாவதைப் பார்க்க வேண்டும். இரண்டையும் கலந்து பேசுகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை; தேநீர் ஆறிவிடும்.

கியூப் விஷயத்தில் ஒன்று மட்டும். எதிராளி கியூபைத் திருப்பினால், பண ஆட்டத்தில் 25 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தால் ஏற்கலாம் என்ற வாய்ப்பாட்டை 2-2 பாக்கிக்குக் கொண்டுபோகாதீர்கள். மறுத்தால் 2-1 பாக்கியில் பின்தங்கி நிற்பீர்கள். அங்கே மாட்ச் வாய்ப்பு ஏறத்தாழ 30 முதல் 32 சதவீதம். ஏற்றால் ஆட்டத்தின் மதிப்பு 2 பாயின்ட், இந்த ஆட்டமே மாட்ச். எனவே ஏற்கவும் அவ்வளவு வாய்ப்பு வேண்டும்.

பண ஆட்டத்தில் எடுத்த சதவீதங்களை அப்படியே மாட்ச் ஸ்கோருக்குத் தூக்கிவைப்பதும் ஓரளவுக்குத்தான் சரிவரும். ஸ்கோர் மாறினால் மென்பொருள் மிச்ச ஆட்டத்தையும் வேறு நோக்கத்தோடு ஆடும். வெற்றி, கேமன் சதவீதங்களே மாறும். நிலையை அப்படியே வைத்து, ஸ்கோரை மட்டும் மாற்றி, மறுபடி அலசவிடுங்கள்.