மழைக்காலத்தில் ஜன்னலை எப்போது திறப்பது? ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மழை பெய்தால் காற்று சுத்தமாகிவிடும் என்று நம்பி, தூறல் நின்றதுமே ஜன்னல்களைத் திறந்துவிடும் பழக்கம் சென்னை வீடுகளில் பரவலாக உண்டு. தூசியைப் பொறுத்தவரை அது சரி. ஆஸ்துமாவைத் தூண்டக்கூடிய பூஞ்சை வித்துகளைப் பொறுத்தவரை பாதிதான் சரி. ஏனெனில் அவற்றுள் வெயிலை நாடுவனவும் உண்டு, ஈரத்தை நாடுவனவும் உண்டு.

காய்ந்த சருகின் மேல் கரும்பொடியாகப் படியும் கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா ஆகிய பூஞ்சைகளின் வித்துகள், ஈரப்பதம் இறங்கிக் காற்று வீசும் நண்பகலிலும் பிற்பகலிலும் மிகுதியாகப் பறக்கும். ஆகவே சருகு கூட்டும் வேலையை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாமல், தண்ணீர் தெளித்த பிறகு செய்வது நல்லது.

இன்னொரு வகை பூஞ்சைகளில், வித்துகளைத் தாங்கிய நுண்ணிய பைகள் மழைநீரை உறிஞ்சி, உள்ளழுத்தம் ஏறி, நுனி வெடித்து வித்துகளை வெளியே பீய்ச்சுகின்றன. காளான்களின் வித்துகளும் ஈரக்காற்றையே நம்பியவை. மழைக்குப் பிந்தைய இரவிலும் விடியலுக்கு முன்பும் இவை பெருகுவதால், அந்த நேர நடைப்பயிற்சியைத் தவிர்த்து, வெயில் ஏறிய பின் ஜன்னலைத் திறக்கலாம்.

மழை தொடங்கும் தருணத்தில் கூடுதல் கவனம் தேவை. தொடர்மழை காற்றைக் கழுவும் என்றாலும், முதலில் விழும் பெருந்துளிகளும் அவற்றுக்கு முன் வரும் பலத்த காற்றும் இலைகளில் ஒட்டியிருக்கும் வித்துகளை உதறி எழுப்பிவிடும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழையின்போது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலால் மருத்துவமனைகளுக்கு விரைந்தனர். அங்கு முதன்மைக் காரணம் புல் மகரந்தம்தான் எனினும், ஆல்டர்னேரியாவும் இத்தகைய இடிமழை ஆஸ்துமாவோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இடி கேட்டவுடன் ஜன்னலை மூடிவிட்டு, மருத்துவர் தந்த இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் நனைந்த பாய், மெத்தை, சுவர் ஆகியவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வைத்து, அளவு 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவு வீண் போகாது என்பது என் உறுதியான கருத்து. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அதன் பின்னால் படரும் கரும்புள்ளிகளைத் துடைப்பத்தால் தட்டாமல், முகக்கவசம் அணிந்து, சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.