கல்லணையில ஆரம்பிச்சு பூம்புகார் வரைக்கும் காவிரி கூடவே கார்ல போறது எப்படி

திருச்சியில இருந்து பூம்புகார்னு கூகுள் மேப்ல போட்டீங்கன்னா அது உங்கள தஞ்சாவூர் நாலு வழிச்சாலையில ஏத்தி விட்டுடும், சீக்கிரம் போய் சேந்துடலாம்தான், ஆனா டெல்டாவுக்குள்ள போன மாதிரியே இருக்காது. நமக்கு வேண்டியது கல்லணை–பூம்புகார் சாலை. அதனால மேப்ல கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறைன்னு ஒவ்வொரு ஊரா ஸ்டாப் சேத்து வச்சுக்கோங்க, இல்லன்னா பாதியில பைபாஸுக்கு இழுத்துட்டு போயிடும். மொத்தமா சுமார் 150 கிமீதான், ஆனா ஒரு பகல் முழுக்க ஒதுக்கணும். அவசரமா போறவங்களுக்கு இந்த ரோடு செட் ஆகாது.

எப்ப போறதுங்கறதுதான் முக்கியமான விஷயம், வண்டி என்ன வண்டிங்கறதெல்லாம் அப்புறம். இந்த ஊருக்கு சீசன் மேட்டூர்ல இருந்து வருது. வழக்கமா ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பாங்க, மூணு நாலு நாள்ல தண்ணி கல்லணைக்கு வந்துடும், அங்க இருந்து கடைமடைக்கு போக இன்னும் நாள் ஆகும். ஆனா அந்த தேதிய நம்பி லீவு போட்டுடாதீங்க, 2022ல மே 24லயே திறந்துட்டாங்க, 2024ல ஜூலை 28 வரைக்கும் இழுத்துடுச்சு. கல்லணை திறந்தாச்சுன்னு நியூஸ் பாத்துட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு கிளம்புனா ஆறு, வாய்க்கால் எல்லாத்துலயும் தண்ணி ஓடும், வயல்ல நடவு நடந்துட்டு இருக்கும்.

எனக்கு பிடிச்சது மார்கழி கடைசி, தை ஆரம்பம். சம்பா கதிர் முத்தி பச்சையும் மஞ்சளுமா நிக்கும், காலையில பனி இருக்கும், வெயிலும் சுடாது. ஐப்பசி கார்த்திகையில அடைமழை பிடிச்சா ரோடே தெரியாம தண்ணி நிக்கும், அப்ப வேணாம். ஜனவரி 28ஓட மேட்டூர மூடறது வழக்கம், அதுக்கப்புறம் ஆத்துல மணல்தான். சித்திரை வெயில்ல போய்ட்டு காவிரியில ஒண்ணுமே இல்லன்னு புலம்புறவங்களுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.

திருவானைக்காவல்ல இருந்து காலையில ஆறு ஆறரைக்கு கிளம்புங்க. உத்தமர்சீலி, கிளியூர் வழியா போற ரோடுதான் நல்லது, வலது பக்கம் காவிரி, இடது பக்கம் கொள்ளிடம், நடுவுல வாழைத்தோப்பா வரும். கல்லணை போனதும் வண்டிய ஓரமா நிறுத்திட்டு பாலத்து மேல நடந்தே போங்க. கிழக்க பாத்து நின்னா இடமிருந்து வலமா கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். கால்வாய ஊர்க்காரங்க புது ஆறுன்னுதான் சொல்லுவாங்க, 1934ல வந்தது. கரிகாலன் கட்டுன பழைய அணை இந்த ஷட்டருக்கெல்லாம் அடியில இருக்கு. பெரிய பெரிய கல்ல மணல்ல போட்டா தண்ணி அரிப்புல அது உள்ள இறங்கும், மேல இன்னொரு கல்லு, இடையில களிமண்ணு, இப்படியே கெட்டியாகற வரைக்கும் போட்டிருக்காங்க. மணல்ல எப்படி அஸ்திவாரம் போடறதுன்னு இதப் பாத்துதான் தெரிஞ்சுகிட்டோம்னு பிரிட்டிஷ் இன்ஜினியர் ஆர்தர் காட்டனே எழுதி வச்சிருக்காரு.

இங்க ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க. ஆறுன்னா கடல் கிட்ட போகப்போக அகலமாகும்னு நினைப்போம்ல, காவிரி அப்படியே தலைகீழ். திருச்சியில அவ்வளவு அகலம், கல்லணையில நாலா பிரியும், திருக்காட்டுப்பள்ளி கிட்ட குடமுருட்டி பிரிஞ்சிடும், அப்புறம் அரசலாறு, மண்ணியாறு, வீரசோழன்னு ஒவ்வொண்ணும் பங்கு வாங்கிட்டு போகப்போக பூம்புகார்ல மிச்சம் இருக்கறது ஒரு வாய்க்கால் அளவுதான். ஒவ்வொரு பாலத்துலயும் எட்டிப் பாத்துகிட்டே போனீங்கன்னா ஆறு சுருங்கறது கண்ணுக்கே தெரியும், இந்த டிரைவோட ருசியே அதுதான்.

கோவிலடி தாண்டுனா ரோடு ஆத்தங்கரை மேலயே ஏறிடும். குறுகலான ரோடு, நிறைய இடத்துல ஓரத்துல தடுப்புச் சுவர் கிடையாது. எதிர்ல பஸ் வந்தா அவன் நிக்க மாட்டான், நீங்கதான் முன்னாடியே அகலமான இடமா பாத்து நிக்கணும். மழை பெஞ்சிருந்தா தார் ரோட்ட விட்டு டயர இறக்கவே இறக்காதீங்க, களிமண்ணு, வழுக்கி வாய்க்கால்ல கொண்டு போய் விட்டுடும். அறுவடை சமயத்துல பாதி ரோட்டுல நெல்லு காயும், நெல்லு மேல ஏத்திடக்கூடாதுன்னு சுத்தி கல்ல வரிசையா வச்சிருப்பாங்க, அந்தக் கல்லுல மோதாம பாத்துக்கோங்க. பங்குனி சித்திரையில உளுந்துச் செடி, எள்ளுச் செடிய ரோட்டுல பரப்பி போற வர்ற வண்டிய ஏத்த விட்டு அடிச்சு எடுப்பாங்க. அது மேல போயே ஆகணும்னா தாண்டுனதும் நிறுத்தி காருக்கு அடியில குனிஞ்சு பாருங்க, தட்டை சுத்திகிட்டு சைலன்சர் சூட்டுல பத்திக்கும். பொழுது சாஞ்சப்புறம் இந்த ரோட்டுல ஓட்டவே வேணாம்ங்கறது என் கருத்து, பின்னாடி லைட் இல்லாத டிராக்டர் டிரைலர், கண்ணாடி முழுக்க பூச்சி.

திருவையாறுல காவிரிக் கரையில தியாகராஜர் சமாதி இருக்கு, படித்துறையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. ஜனவரியில ஆராதனை நடக்கற நாள்ல மாட்டுனா வண்டி நிறுத்த இடமே கிடைக்காது. அசோகா அல்வா வாங்காம ஊர தாண்டாதீங்க, பாசிப்பருப்புல செய்யறது, சூடா இருக்கும்போதே அங்கயே சாப்பிடணும், டப்பாவுல கட்டி ஊருக்கு கொண்டு போனா நெய் உறைஞ்சு பாதி ருசி போயிடும். தஞ்சாவூர்ல இருந்து கிளம்பறவங்க நேரா இங்க வந்து சேந்துக்கலாம், அந்த 13 கிமீக்குள்ளயே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு 5 ஆத்த தாண்டிடுவீங்க.

அடுத்து திங்களூர், கணபதி அக்ரஹாரம், உமையாள்புரம், கபிஸ்தலம் வழியா சுவாமிமலை. எல்லாரும் முருகன பாத்துட்டு கிளம்பிடுவாங்க, நீங்க ஏதாவது ஒரு ஸ்தபதி பட்டறையில உள்ள வரலாமான்னு கேட்டுட்டு போய் பாருங்க. மெழுகுல சிலைய செஞ்சு அது மேல காவிரி வண்டல் மண்ண முதல்ல மெல்லிசா பூசி நிழல்ல காய வைக்கறாங்க, அப்புறம் தடிமனா இன்னும் ரெண்டு பூச்சு, கம்பி கட்டி, சூடு காட்டுனா மெழுகு உருகி ஓட்டை வழியா வெளிய வந்துடும், அந்த வெத்து இடத்துல உலோகத்த ஊத்தறாங்க. மெழுகுல போட்ட நகக்கீறல் வரைக்கும் அந்த வண்டல் பிடிச்சு வச்சுக்கும். வழி நெடுக நெல்லு விளையறதும் இதே மண்ணுலதான்.

மதியத்துக்கு கும்பகோணம். காலையில சீக்கிரம் வந்து சேர்ற மாதிரி பிளான் பண்ணுனவங்க இட்லிக்கு கடப்பா கேளுங்க, உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்டது, எல்லா கடையிலயும் எல்லா நாளும் இருக்காது. டிகிரி காபி போர்டு தமிழ்நாட்டு ஹைவே பூரா இருக்கு, அதுல பாதி கடைக்காரர் கும்பகோணத்த பாத்தே இருக்க மாட்டாருன்னு எனக்கு சந்தேகம், அதனால இங்கயே ஒரு டம்ளர் குடிச்சுடுங்க. கோயில்னு இறங்குனா இந்த ஊர்லயே ரெண்டு நாள் போயிடும், ஒண்ணே ஒண்ணு போதும்னா ஊர் ஓரத்துல இருக்கற தாராசுரம், ஆனா நடை சாத்தற நேரம் பாத்துக்கோங்க.

கும்பகோணத்துக்கு அப்புறம் திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறைன்னு ஊரு ஒட்டி ஒட்டி வரும், டிராபிக் ஜாஸ்தி, வேடிக்கை கம்மி. விதை நெல்லுல ஏடிடின்னு போட்டிருக்கும் பாருங்க, அந்த நெல்லு ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறையிலதான் இருக்கு. குத்தாலம் தாண்டி மயிலாடுதுறையில துலாக்கட்டம்ங்கற காவிரிப் படித்துறைக்கு ஒரு தடவ போய்ட்டு வாங்க, ஐப்பசியில மட்டும் முழுக்கு கூட்டத்துக்கு தயாரா இருக்கணும். பெட்ரோல், ஏடிஎம் எல்லாத்தையும் இங்கயே முடிச்சிடுங்க.

அங்க இருந்து பூம்புகார் 25 கிமீ கூட இருக்காது. வெளிச்சம் இருக்கும்போதே போய் சேருங்க. காவிரி கடல்ல கலக்கற இடத்துக்கு கொஞ்ச தூரம் நடக்கணும், தண்ணி காலத்துலயும் பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க, கல்லணையில பாத்தத நினைச்சுகிட்டு போனாத்தான் அது புரியும். கடல்ல குளிக்க இறங்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி. ராத்திரி தங்கறதுக்கு தெக்க தரங்கம்பாடி போங்க, டேனிஷ்காரங்க 1620ல கட்ட ஆரம்பிச்ச கோட்டைய காலையில பாத்துக்கலாம், சென்னை போறவங்க மட்டும் சீர்காழி வழியா சிதம்பரம் போய் தங்கிட்டு காலையில கிளம்புங்க.